சதுரங்கப் புத்தகம் வேதமல்ல

(மயிலாடுதுறையில் ஒரு வாசகசாலையில், சதுரங்கம் பழகும் பிள்ளைகளும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சதுரங்க ஆட்டத்தைப் பற்றியும், அதில் விருத்தியடையப் புத்தகங்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றியும் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றீர்கள். நாம் சதுரங்கத்தில் நிபுணரல்ல. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளில் யாராவது ஒருவர் பலகையை எடுத்துப் போட்டால், சிறிது நேரத்திற்குள் நமது ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு விழிப்பார் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும், ஒரு மனிதன் எதனால் கெட்டிக்காரனாகின்றான், பிறப்பினாலா, கடவுள் செயலாலா, அல்லது கற்றுக்கொள்வதனாலா என்கின்ற கேள்வி நம் இயக்கத்தின் கேள்வியாகும். அந்தக் கேள்விக்குச் சதுரங்கப் பலகையைப்போல் ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்லும் இடம் வேறு கிடைப்பது அரிது. அதனாலேயே பேச ஒப்புக்கொண்டோம்.

இவ்வூருக்கு இவ்விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. மாயவரம் என்று வழங்கிவந்த இதே ஊரில் 1969-ம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ந் தேதி விசுவநாதன் ஆனந்த் பிறந்தார். அவர் 1987-ல் உலக ஜூனியர் பட்டத்தை வென்றார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000-த்தில் உலகப் பட்டம் பெற்றார். பின்னர் 2007 முதல் 2013 வரை உலகச் சாம்பியனாகவே இருந்தார். ஊரார் பெருமைப்படுவது நியாயந்தான். ஆனால் இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால்தான் சங்கதி வெளிப்படுகின்றது. ஒருவர், "எல்லாம் காவேரித் தண்ணீரின் மகிமை" என்கின்றார். மற்றொருவர், "மாயூரநாதர் கிருபை" என்கின்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது அந்தக் குலத்து மூளை, நமக்கெல்லாம் வராது" என்கின்றார். ஜாதகத்தைக் காட்டச் சொல்லுகின்றவர்களும் உண்டு.

தோழர்களே! ஐப்பசி மாதத்தில் இவ்வூர்த் துலாக்கட்டத்தில் ஆயிரக்கணக்கான பேர் முழுக்குப் போடுகின்றார்கள். கடைமுகத்தன்று கூட்டம் சொல்லி முடியாது. முழுகியெழுந்தவர்களில் எத்தனை பேர் குதிரை எப்படித் தாவும் என்பதைத் தெரிந்துகொண்டு கரையேறினார்கள்? அன்றியும், ஆனந்த் பிறந்தது இங்கேயானாலும் வளர்ந்தது சென்னையில். தண்ணீரில் மகிமை இருக்குமானால் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்கல்லவா முதலில் வேலை செய்திருக்க வேண்டும்?

கடவுள் கிருபை என்பதையும் பார்த்துவிடுவோம். இந்தக் கூட்டத்திற்கு வரும் வழியில் ஒரு தகப்பனார் நம்மிடம், "பிள்ளை அடுத்த வாரம் போட்டிக்குப் போகிறான், அதற்குமுன் திருப்பூவனூருக்கு ஒருமுறை அழைத்துப் போகலாமா?" என்று கேட்டார். நீடாமங்கலத்திற்குப் பக்கத்தில் அந்த ஊர் இருக்கின்றது. அங்கே சாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். அக்கோவில் புராணப்படி, ஒரு அரசனுடைய மகள் சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாதவளாய் இருந்தாளாம். சிவன் வேஷம் மாறி வந்து, அவளோடு ஆடி ஜெயித்து, அவளைக் கலியாணம் செய்துகொண்டாராம்.

இந்தக் கதையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் எல்லோரையும் ஜெயிக்கும்படியான அறிவைச் சம்பாதித்திருக்கின்றாள். அந்த அறிவுக்குக் கிடைத்த சன்மானம் என்ன? அவளையே பந்தயமாக்கி விட்டார்கள். பாரதத்தில் தருமர் சூதாட்டத்தில் பெண்டாட்டியைப் பணயம் வைத்தார். இங்கே சதுரங்கத்தில் மகளைப் பணயம் வைத்திருக்கின்றார்கள். அது போகட்டும். அந்தப் பெண் யாரிடம் கற்றாள்? கடவுள் எந்தக் காயை எந்தக் கட்டத்தில் வைத்து ஜெயித்தார்? அவள் செய்த பிசகு எது? புராணத்தில் இதற்கெல்லாம் பதில் தேடினால் அகப்படாது. சர்வ வல்லமையுள்ளவர் ஜெயித்தார் என்று மாத்திரம் சொல்லுவதனால் ஆட்டம் பழகுகின்ற ஒரு குழந்தைக்கு என்ன பிரயோஜனம்? ஆனால் ஒரு சதுரங்கப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 1737-ல் அலெப்போ நகரத்து ஸ்டாமா என்பவர் கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்து எழுதிக் காட்டினார். இன்று உலகமெல்லாம் அம்மாதிரியே ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி வைக்கின்றது. நூறு வருஷத்திற்கு முன் எங்கோ ஆடின ஆட்டத்தை இன்றைக்கு நம் வீட்டுத் திண்ணையில் அப்படியே ஆடிப் பார்த்து, யார் எங்கே தப்புச் செய்தார் என்று நாமே கண்டுகொள்ளலாம். புராணத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று நம்பச் சொல்லுகின்றது; மற்றொன்று சோதித்துப் பார்க்க இடங்கொடுக்கின்றது.

இனி, குலத்து மூளை என்பதைக் கவனிப்போம். ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர் தாயார். பிறகு தகப்பனாருக்கு உத்தியோகம் பிலிப்பைன்ஸ் தேசத்து மணிலாவில் ஆயிற்று. அங்கே டெலிவிஷனில் பகல் வேளையில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி நடந்துவந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அது. ஆதலால் தாயார் உட்கார்ந்து அதில் வரும் ஆட்டங்களையும் புதிர்களையும் காகிதத்தில் எழுதி வைப்பார். பையன் வீட்டுக்கு வந்ததும் இருவருமாக விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு என்னவென்றால் ஒரு சதுரங்கப் புத்தகம். அவர் ஜெயித்துக்கொண்டே போகவே, கடைசியில் அவர்கள் பையனைத் தங்கள் புத்தகசாலைக்கு அழைத்துக்கொண்டு போய், "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டதாக அவரே பல தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கின்றார்.

தாய்மார்களே! இதைக் கவனியுங்கள். அந்தத் தாயார் பிள்ளைக்காக ஹோமம் வளர்த்ததாகக் கதை இல்லை. கையில் பென்சிலை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்த்து, கட்டங்கட்டமாய் எழுதினார். அந்தக் காகிதங்களை அந்தப் பையனுடைய முதல் சதுரங்கப் புத்தகம் என்றே நாம் சொல்லுவோம். கற்றுக்கொடுக்கத் தெரிந்த தாய், உட்கார்ந்து யோசிக்க ஓய்வு, கைநிறையப் புத்தகம், சென்னைக்கு வந்தால் பழகுவதற்கு ஒரு சங்கம், இவ்வளவும் இருந்தன. இவைகளையெல்லாம் மறைத்துவிட்டுக் குலத்தை மாத்திரம் எடுத்துக் காட்டுவது, நன்செய்க்குத் தண்ணீரும் எருவும் விட்டதை மறைத்துவிட்டு, விளைந்த நெல்லுக்கு வரப்பின்மேல் நட்ட கல்லே காரணம் என்பதுபோலாகும்.

அந்தச் சங்கந்தான் எப்படி வந்தது? 1961-ல் இந்தியாவில் முதன்முதலாக இண்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றவர் மானுவேல் ஆரோன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரையில் ஒன்பது தடவை தேசியப் பட்டத்தை வென்றவர். அவர் 1972-ல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில், டால் என்னும் சோவியத் சாம்பியனின் பெயரால் ஒரு சதுரங்கச் சங்கத்தை ஏற்படுத்தினார். பலகையும் புத்தகமும் ஆளும் ஓரிடத்தில் சேர்ந்ததும், சென்னையிலிருந்து கெட்டிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராய்ப் புறப்பட்டார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் தம் 18-வது வயதில் உலகச் சாம்பியன் ஆனார். தஞ்சையில் பிறந்த கார்த்திகேயன் முரளி 2023-ல் கத்தாரில் கார்ல்செனையே தோற்கடித்தார். ஐம்பது வருஷத்திற்குள் மூளை மாறிவிடவில்லை. கற்றுக்கொள்ளும் சௌகரியம் மாறிற்று.

இது நம் வாய்வார்த்தை மாத்திரமல்ல. ஹாலந்து தேசத்து டி குரூட் என்பவர் சதுரங்க நிபுணர்களின் யோசனையைப் பரிசோதித்து 1946-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவர் அந்தச் சோதனையை மேலும் விரிவாக்கிச் செய்து பார்த்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து ஒரு நிலையைச் சில விநாடி மாத்திரம் காட்டி மறைத்துவிட்டால், நிபுணர் பெரும்பாலான காய்களை அப்படியே திரும்ப வைத்துவிடுகின்றார், கற்றுக்குட்டியால் முடிவதில்லை. பார்ப்பதற்குத் தெய்வீக ஞாபகசக்தி போலத்தான் தோன்றும். ஆனால் அதே காய்களைத் தாறுமாறாய்ப் பலகையில் வாரி இறைத்துக் காட்டினால், நிபுணருக்கும் கற்றுக்குட்டிக்கும் அதிக வித்தியாசம் காணப்படவில்லை. இதற்கு அர்த்தம் என்ன? அவருக்குப் பிறவியிலேயே ஒரு தனி ஞாபகசக்தி வந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினதால், காய்களைத் தனித்தனியாய்ப் பாராமல் நாம் எழுத்துக்கூட்டாமல் சொல்லைப் படிப்பதுபோல் அவர் படிக்கின்றார் என்பதாகும்.

பெண்களுக்கு இந்த ஆட்டத்திற்கு வேண்டிய மூளையில்லை என்றும் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஹங்கேரி தேசத்தில் போல்கர் என்னும் தகப்பனார், மேதைகள் பிறப்பதில்லை, ஆக்கப்படுகின்றார்கள் என்ற கொள்கையுடையவர். தம் மூன்று பெண்களுக்கும் வீட்டிலேயே பாடஞ்சொல்லி, சதுரங்கம் கற்பித்தார். கடைசிப் பெண் யூதித் 1991-ல் 15 வயதில் ஆண்களோடு சமமாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வென்று, பிஷர் என்னும் அமெரிக்கர் வைத்திருந்த வயதுச் சாதனையை உடைத்தார். 2002-ல் காஸ்பரோவையும் ஒரு ஆட்டத்தில் தோற்கடித்தார். நம் பக்கத்தில் 2001-ல் விஜயலக்ஷ்மி, பெண்களுக்கென்றுள்ள பெண் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றார். 2023 டிசம்பரில் வைஷாலி, தம் தம்பியைப் போலவே கிராண்ட்மாஸ்டர் பட்டத்திற்குரிய தகுதியை எட்டினார். பெண்ணுக்கு மூளையில்லை என்று சொன்னவர்கள் இப்போது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்ளுவார்கள்?

அப்படியானால் இயற்கை அறிவே வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குச் சுல்தான்கானின் சரித்திரம் பதில் சொல்லும். பஞ்சாபில் சர் உமர் ஹயாத்கான் என்னும் ஜமீன்தாரின் பரிவாரத்தைச் சேர்ந்தவர் அவர். நம் நாட்டு முறைப்படி ஆட்டம் பழகினவர். மேல்நாட்டு முறையிலோ, அதன் துவக்க ஆட்டப் புத்தகங்களிலோ அவருக்குப் பழக்கமில்லை. 1929-ல் எஜமானோடு லண்டனுக்குப் போய், அந்த வருஷமே பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1932, 1933-லும் வென்றார். உலகச் சாம்பியனாயிருந்த கபபிளாங்காவையும் ஒருமுறை ஜெயித்தார். அதே பரிவாரத்திலிருந்த பாத்திமா என்னும் பெண் 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றார். பிறகு எஜமான் ஊர் திரும்பினார்; இவர்களும் திரும்பினார்கள்; அத்தோடு ஆட்டமும் முடிந்தது. 1966-ல் சுல்தான்கான் இறந்தார். உலகச் சதுரங்கச் சங்கம் 2024-ல்தான் அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அறிவு ஏராளமாயிருந்தது, புத்தகமும் சுதந்திரமும் இல்லை. இப்படி எத்தனை சுல்தான்கான்கள் இந்தக் காவேரிக் கரைச் சேரிகளில் நாற்றுப் பறித்துக்கொண்டே செத்துப்போனார்களோ, யார் கணக்கெடுத்தார்கள்?

புத்தகந்தான் நம் ஜனங்களுக்கு எப்போது கிடைத்தது? 1814-ல் பம்பாயில் திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பவருடைய சதுரங்க நூல் ஒன்று அச்சாயிற்று. மூலம் சமஸ்கிருதம், அச்சானது இங்கிலீஷ். நல்ல முயற்சிதான், குறைசொல்லவில்லை. ஆனால் உழுகின்றவன் மகனுக்கு அந்த இரண்டு பாஷையில் எது எட்டும்? பூட்டு ஒரு பாஷையில், சாவி மற்றொரு பாஷையில் என்றால், வெளியே நிற்கின்றவன் வெளியேதான் நிற்பான். இன்றைக்கும் நல்ல சதுரங்கப் புத்தகங்களில் மிகப்பெரும் பகுதி பிற பாஷைகளிலேயே இருக்கின்றன. அவற்றைத் தமிழில் கொண்டுவர வேண்டியது நமது கடமையாகும்.

இதுவரை புத்தகத்தைப் புகழ்ந்தோம். இனிப் புத்தகத்தால் வரும் கேட்டையும் சொல்லவேண்டும். நம் ஜனங்களுக்கு எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அதை வேதமாக்கிவிடுகின்ற ஒரு வியாதி இருக்கின்றது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் பூசி, அன்றைக்குப் படிக்கக்கூடாது என்கின்ற தேசமல்லவா இது! சதுரங்கம் பழகும் பிள்ளைகளில் பலர் துவக்க ஆட்டத்தில் இருபது நகர்த்தல்களை நெட்டுருப் போடுகின்றார்கள். எதிரி நாலாவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாததைச் செய்துவிட்டால், மந்திரத்தின் நடுவில் தும்மல் வந்த புரோகிதரைப்போல் திகைத்து நிற்கின்றார்கள். அர்த்தந் தெரியாமல் ஒப்புவித்ததற்கு இதுவே பலன்.

சதுரங்கப் புத்தகம் வேதமல்ல என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். 1851-ல் கிளிங், ஹார்விட்ஸ் என்னும் இரண்டு ஆசிரியர்கள் ஒரு நிலையை எழுதி வைத்தார்கள். ஒரு பக்கம் ராஜாவும், சாய்வாய்ப் போகின்ற இரண்டு மந்திரிகளும். மறுபக்கம் ராஜாவும் ஒரு குதிரையும். குதிரைக்காரர் இன்னவிதமாய் நின்றுகொண்டால் தோற்காமல் தப்பிக்கலாம் என்பது அவர்கள் தீர்ப்பு. பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் 132 வருஷம் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1983-ல் கென் தாம்ஸன் என்பவர் கம்ப்யூட்டர் யந்திரத்தைக்கொண்டு எல்லா வழிகளையும் கணக்கிட்டுப் பார்த்து, அந்த அரண் உடையக்கூடியது, இரண்டு மந்திரிகளே பெரும்பாலும் ஜெயிக்கும் என்று காட்டிவிட்டார். உடனே என்ன நடந்தது? முன்னோர் சொன்னதை மறுக்கலாமா என்று யாரும் அவரை நாஸ்திகன் என்று ஏசவில்லை. புத்தகங்களைத் திருத்தினார்கள். மனுதர்ம சாஸ்திரத்தில் உள்ள ஒரு வரியை இப்படித் திருத்த எந்த மடாதிபதியாவது இதுவரை முன்வந்தது உண்டா?

ஆகவே, புத்தகத்தைப் படிக்கவேண்டிய விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகின்றோம். நிபுணர்களிடம் கேட்டும், பிள்ளைகள் பழகுவதைப் பார்த்தும் நமக்குத் தோன்றியவை இவை.

முதலாவது, பலகையைப் போட்டுக்கொண்டு படியுங்கள். அடுத்த நகர்த்தலை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, நானாயிருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்து எழுதிய பிறகு திறந்து பாருங்கள். ஆசிரியர் சொல்லுவதும் உங்கள் யோசனையும் மாறுபட்டால், அதுவே நீங்கள் கற்கவேண்டிய இடம். காரணம் விளங்குகிறவரையில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, முடிவிலிருந்து துவங்குங்கள். கபபிளாங்கா 1921-ல் எழுதிய பாடப் புத்தகம், கொஞ்சம் காய்களே மிஞ்சியிருக்கும் எளிய நிலைகளிலிருந்துதான் ஆரம்பமாகின்றது. ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும் என்ன செய்யமுடியும் என்பது தெரியாதவன் முப்பத்திரண்டு காய்களை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

மூன்றாவது, உங்கள் ஆட்டங்களை எழுதி வையுங்கள். முக்கியமாய்த் தோற்ற ஆட்டங்களை. இந்த ஆட்டத்தில் பகடை இல்லை, சீட்டுக் குலுக்கல் இல்லை, விதி வந்து புகுவதற்குச் சந்தில்லை. காற்றுக் கறுப்பு, கண்ணேறு, நேரம் சரியில்லை என்பதெல்லாம் இங்கே செல்லாது. எந்த நகர்த்தலில் கெட்டோம் என்று தேடினால் அகப்பட்டே தீரும். அகப்பட்டதை ஒப்புக்கொள்ளுகின்றவன் விருத்தியடைவான்.

நாலாவது, பத்துப் புத்தகங்களை அடுக்கி வைப்பதைவிட ஒன்றை அழுக்காகிற வரையில் படியுங்கள். இக்காலத்தில் கைப்போனிலேயே உலகச் சாம்பியனை ஜெயிக்கும் யந்திரம் இருக்கின்றது. அதுவும் நல்ல உதவிதான். ஆனால் தானாக யோசிப்பதற்கு முன்னமேயே அதனிடம் விடை கேட்பது ஜோசியனிடம் கேட்பதற்குச் சமானம். முதலில் உங்கள் யோசனை. பிறகு யந்திரத்தின் சாட்சி.

கடைசியாக ஒரு சங்கதி. நம் நாட்டுப் பழைய ஆட்ட முறைகள் பலவற்றில், ஒரு சிப்பாய் எதிர்க்கரை போய்ச் சேர்ந்தால், எந்தக் காயின் வரிசையில் சேர்ந்ததோ அந்தக் காயாகத்தான் ஆகலாம். குதிரை வரிசையில் சேர்ந்தால் குதிரை. யானை வரிசையில் சேர்ந்தால் யானை. ஆட்டத்தில்கூட வருணாசிரமம்! இன்று உலகம் முழுவதும் ஆடுகின்ற முறையில், எந்த வரிசையில் போனாலும் சரி, கரை சேர்ந்த சிப்பாய் ராணியாகலாம். ஆனால் கரை சேரவேண்டுமே! வழியில் தடுக்கின்றவர்கள் இருக்கின்றார்கள். மேலே சொன்ன நீடாமங்கலத்திலேதான் 1937-ல், சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட குற்றத்திற்காக ஆதிதிராவிடத் தோழர்களை அடித்து மொட்டையடித்தார்கள். இந்த மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார், பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து ஆயுள் முழுவதும் போராடவேண்டியிருந்தது. அந்தத் தடைகள் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நாம் நினைக்கவில்லை.

ஆதலால் பெற்றோர்களுக்கும் இவ்வூர் இளைஞர்களுக்கும் நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். ஒவ்வொரு கிராமத்து வாசகசாலையிலும் இரண்டு பலகைகளும் நாலு சதுரங்கப் புத்தகங்களும் வையுங்கள். இதற்குக் கோவில் திருவிழாவில் ஒரு இரவு வாணவேடிக்கைக்கு ஆகின்ற செலவுகூட ஆகாது. சேரிப் பிள்ளையும் அக்கிரகாரத்துப் பிள்ளையும் ஒரே பலகைக்கு இருபுறமும் உட்காரட்டும். பெண்குழந்தை கோலம் போடுகின்ற கையாலேயே காயையும் நகர்த்தட்டும். எல்லோரும் ஆனந்த் ஆகிவிடுவார்கள் என்று நாம் ஆசைகாட்டவில்லை. பட்டத்திற்காகப் பிள்ளையை வதைப்பதும், பள்ளிப்படிப்பைக் கெடுப்பதும் முட்டாள்தனம். ஆனால் தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கவும், பெரியவர் சொன்னதானாலும் சோதித்துப் பார்க்கவும் பழகிய குழந்தை, பலகையை விட்டு எழுந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாது. அதுவே நமக்கு வேண்டிய லாபம்.

அந்தத் தகப்பனாருக்கும் நம் பதில் இதுதான்: "ஐயா, திருப்பூவனூருக்குப் போகிற பஸ் செலவில் பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். தோற்ற ஆட்டங்களை அதில் எழுதட்டும்."

நாம் சொன்ன இவைகளையும் வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகையைப் போட்டுப் பரீட்சித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.